மயிலிறகு குட்டி போட்ட கதை



சிறுவயதில் நம்மிற் பலர் பாடப்புத்தகத்தின் இடையே மயிலிறகு ஒன்றை வைத்திருந்தோம். வாசித்து நிறுத்திய இடத்தை அறிவதற்கு அது அடையாளம். அதனோடு வேறொரு நம்பிக்கையும் இருந்தது. புத்தகத்தை வெளிச்சம் படாமல் மூடி வைத்திருந்தால் அந்த இறகு குட்டி போடும் என்று நம்பினோம். நாள்தோறும் திறந்து பார்த்தோம், குட்டி போடவில்லை. திறந்து பார்த்தமையாலேதான் போடவில்லை என்று மூத்த மாணவர் சொன்னார்கள். அதையும் நம்பினோம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த மயிலிறகைப் பற்றியது. நூலில் அன்று, இணையத்தில் வைக்கும் மயிலிறகைப் பற்றியது. அந்த இறகு குட்டி போடுகிறது. மூடி வைத்தால் அன்று, பிறர் காணத் திறந்து வைத்தால் குட்டி போடுகிறது. அந்த வியப்பைத்தான் சொல்ல வந்தேன்.

இணையத்தில் நாம் காணும் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. பயனுள்ள பக்கம் ஒன்றைக் கண்டால், மீண்டும் அங்கே செல்வதற்கு அதன் முகவரியைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ குறித்துக்கொள்ளலாம். நூலில் வைக்கும் அடையாளத்தைப் போன்றதாதலின் இதனைப் பக்கக்குறி என்று வழங்குவோம். தனி ஒருவர் தம் கருவியில் வைத்த குறி அவருக்கு மட்டுமே பயன்படும். கருவி பழுதானால் குறியும் போகும். அவ்வாறன்றி, குறிகளைப் பொதுவான ஓரிடத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான சில சொற்களை இட்டு, யாவரும் காணுமாறு செய்தால் என்ன என்று சிலர் எண்ணினர். அவ்வெண்ணத்தினின்றும் பிறந்தவையே கூட்டுப் பக்கக்குறிச் சேவைகள்.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது டிலீசியஸ் என்னும் சேவை. ஜோசுவா ஷாக்டர் என்ற அமெரிக்கர், தாம் சேர்த்துவைத்த முகவரிகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகவே, அவற்றைத் தேடி எடுப்பதற்காக ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரிரு சொற்களை எழுதி வைத்தார். அந்தச் சொந்த வழக்கத்தையே 2003ஆம் ஆண்டில் எல்லோருக்கும் உரிய சேவையாக்கினார். இவ்வாறு இடும் சொற்களைக் குறிச்சொற்கள் என்கிறோம். 2005ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் அச்சேவையை வாங்கியது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் 53 இலட்சம் பேர் 18 கோடி முகவரிகளை அங்கே குறித்து வைத்திருந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது.

செய்தவன் ஒன்றை நினைத்துச் செய்ய, கொண்டவன் வேறொன்றுக்குப் பயன்படுத்துவது உலக இயல்பு. பனையோலை சுவடியானதைப் பனை அறியாது. டிலீசியஸ் சேவைக்கும் அதுவே நேர்ந்தது. தாம் விரும்பிய நாவல், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் பாத்திரங்களை வைத்துத் தாமே புதிய கதைகளை எழுதி இணையத்தில் இடும் இரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. கதைகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. அவற்றுக்கு நூலகம் இல்லை, நூலகரும் இல்லை. அந்த வாசகர்கள் டிலீசியஸைத் தங்கள் நூலகப் பட்டியலாக்கிக்கொண்டனர். எந்தப் பாத்திரங்கள், எவ்வளவு நீளம், கதை முடிந்ததா, குறையாய் நிற்கிறதா என்பன எல்லாம் குறிச்சொற்களாயின. சம்பளம் பெறாத அவ்வாசகர்கள் தொழில்முறை நூலகர் வியக்கத்தக்க பட்டியலை அமைத்துவிட்டனர்.

2011ஆம் ஆண்டில் அச்சேவை மீண்டும் கைமாறிப் புதுக்கோலம் பூண்டபோது, அவர்கள் குறிச்சொற்களில் வழங்கிய சாய்கோட்டைத் தேடலில் இட்டால் பயன்தராமற் போயிற்று. சிறு கோடுதான், ஆனால் முழுப் பட்டியலும் அதன்மேல் நின்றது. அவர்கள் பின்போர்ட் என்ற வேறொரு சேவையை நாடினர். அதனை நடத்தியவர் மாச்செய் செக்வோவ்ஸ்கி. உங்களுக்கு வேண்டியவை யாவை என்று அவர் கேட்டபோது, முகமறியாத பலர் கூடி ஒரே ஏட்டில் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் ஏறக்குறைய 50 பக்கம் நீண்டது. வாசகர் கூட்டம் ஒன்று தன் பட்டியலைக் காப்பதற்கு எவ்வளவு பாடுபடும் என்பதற்கு இது சான்று.

இவையெல்லாம் தூர தேசத்துச் செய்திகள், நமக்கு என்ன என்று நேயர்கள் கேட்கலாம். எண்ணிப் பார்த்தால் இவ்வழக்கம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியது அன்று. நம் கிராமங்களின் வாசிகசாலையை நினைவுகூருங்கள். நீள மேசைமேல் பத்திரிகைகள் கிடக்கும். காலையில் முதலில் வரும் பெரியவர் ஒருவர் முக்கியமான செய்தியைப் பென்சிலாற் கோடிட்டுவிட்டுப் போவார். பின்னால் வருபவன் அந்தக் கோட்டைத் தேடியே பத்திரிகையை விரிப்பான். "தம்பி, மூன்றாம் பக்கத்தை ஒருக்கா வாசி" என்று சொல்லிவிட்டுப் போவாரும் உளர். அந்தப் பென்சிற் கோடும் அந்த வாய்ச்சொல்லுமே கூட்டுப் பக்கக்குறி. இணையத்திலும் தமிழர் இதனை விரைவிற் கைக்கொண்டனர். 2004ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, பல நாடுகளிலிருந்து தமிழில் எழுதியோரின் எழுத்துகளை ஒரே முற்றத்திற் கொண்டுவந்து சேர்த்தது. வாசகர் தாமே பரிந்துரைக்கவும் அங்கே இடம் இருந்தது. ஈழத்தவர் பலரின் எழுத்துக்கு முதல் வாசகர் கிடைத்தது அந்த முற்றத்திலேதான்.

இனி, ஒரு பாடசாலையில் இவ்வழக்கம் எதிர்பாராத பயன்களை எவ்வாறு தந்தது என்பதை என் அனுபவத்தினின்றும் சொல்லுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன், கலைப் பட்டதாரி. கணினியை அஞ்சி அணுகியவன். பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர் வரலாற்றுப் பாடத்துக்குத் தேடிக் கண்ட பக்கங்களை ஒரு பொதுப் பட்டியலிற் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் இட வேண்டும், அதனை ஏன் சேர்த்தேன் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று விதித்தோம். ஒருவர் தேடியதை மற்றவர் மீண்டும் தேடி நேரத்தை வீணாக்காதிருக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் நோக்கம்.

முதலாவதாகக் கிட்டிய பயன், பெயர்களைப் பற்றியது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை நடத்திய உயர்கல்வி நிலையத்தைப் பற்றி மாணவன் ஒருவன் தேடினான். ஊர்ப் பெயரைத் தமிழில் இட்டுத் தேடியபோது சில பக்கங்களே கிடைத்தன. ஆங்கில நூல்களில் அது பட்டிக்கோட்டா செமினறி. தமிழ் நூல்கள் சிலவற்றில் வட்டுக்கோட்டைக் குருமடம். வேறு சிலவற்றில் சாத்திரக் கல்லூரி. ஒரே நிலையம் பல பெயர்களுக்குள் ஒளிந்து கிடந்தது. மானிப்பாயில் தமிழிலே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களுக்கும் இதே நிலைமை. நாம் கிறீன் என்று எழுத, தமிழகத்தார் கிரீன் என்று எழுதுகின்றனர். ஓர் எழுத்து மாறியதால் அறிவு இரண்டு அறைகளிற் பூட்டப்பட்டுவிடுகிறது. மாணவர் ஒரே பக்கத்துக்கு எல்லாப் பெயர்களையும் குறிச்சொற்களாக இட்டபோது அறைகளுக்கிடையே கதவு திறந்தது. தேடு பொறிகள் இன்று முன்னிலும் கூர்மையானவை என்பது உண்மை. எனினும், ஓர் ஊருக்குள் வழங்கும் பெயரை அவ்வூரார் சொன்னாலன்றி எந்தப் பொறியும் அறிய மாட்டாது.

இரண்டாவது பயன் இன்னும் எதிர்பாராதது. பனையைப் பற்றிய பக்கம் ஒன்றுக்குப் பட்டினத்து மாணவி பனை என்று மட்டும் குறிச்சொல் இட்டாள். அதே பக்கத்தைத் தென்மராட்சியிலிருந்து வரும் மாணவன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பாட்டியாரிடம் காட்டினான். மறுநாள் அப்பக்கத்தின் கீழ் வடலி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, கடகம், நீற்றுப்பெட்டி, துலாப்பட்டை என்று சொற்கள் வரிசையாக நின்றன. அவற்றுட் பாதியை வகுப்பிற் பலர் அறியார். பாட்டியாருக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரியும். ஆனால் படத்தைக் கண்டதும் சொற்கள் வந்துவிட்டன. பாடத்துக்குத் துணையாகத் தொடங்கிய பட்டியல், ஊர்ச்சொற்களைக் கேட்டுச் சேர்க்கும் ஏடாயிற்று. அகராதி செய்ய வேண்டும் என்று நாம் கேட்டிருந்தால் எந்தப் பாட்டியாரும் வாய் திறந்திருக்க மாட்டார்.

மூன்றாவது, ஆசிரியருக்குரிய பயன். பரீட்சைத் தாளில் மாணவன் நமக்கு வேண்டியதை எழுதுகிறான். பட்டியலில் அவன் தனக்கு வேண்டியதைச் சேர்க்கிறான். கணக்கிற் பின்தங்கியவன் என்று நாம் கைவிட்ட ஒருவன், மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களைப் பற்றி இருபதுக்கு மேற்பட்ட பக்கங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் குறைநிறையையும் ஒரு வரியில் எழுதியிருந்தான். அந்த வரிகளை வாசித்த நாளில் எனக்கு நாணம் உண்டாயிற்று. அவனுக்கு அறிவு இல்லை என்று எண்ணியது எங்கள் அறியாமை. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பட்டியல் ஒருவனின் மனத்தைக் காட்டும் கண்ணாடி ஆதலின், அதில் ஆசிரியர் மட்டுமன்றி அந்நியரும் வணிகரும் முகம் பார்க்க முடியும். வீட்டு நிலைமை, நோய் முதலியவற்றைப் பொதுப் பட்டியலிற் சேர்த்தல் ஆகாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நம் கடமை.

நான்காவது, தேடாமற் கண்டடைதல். நூலகத்தில் ஒரு நூலைத் தேடிப் போய், அதன் பக்கத்தில் இருந்த நூலை எடுத்து வந்த அனுபவம் வாசிப்போர் எல்லோருக்கும் உண்டு. இணையத்தில் அந்த இன்பத்தை உண்டாக்குவதற்கென்றே ஒரு சேவை இருந்தது. கனடாவின் கல்கரி நகரில் பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த காரெட் காம்ப் என்பவரும் அவர் நண்பரும் தொடங்கிய ஸ்டம்பிள்அப்பான் என்பது அதன் பெயர். ஒரு பொத்தானை அழுத்தினால், நம் விருப்பத்தை ஒத்த பிறர் பாராட்டிய ஏதோ ஒரு பக்கத்தை அது முன்னே கொண்டுவந்து நிறுத்தும். நான்கு கோடிக்கு மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தினர். அது இன்று இல்லை. அதன் முறையை நாங்கள் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு எடுத்துக்கொண்டோம். மாணவர் சேர்த்த பட்டியலிலிருந்து ஒரு பக்கத்தைச் சீட்டெடுத்து, அங்கிருந்து விரும்பியவாறு செல்லலாம். எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதை மட்டும் கூற வேண்டும்.

ஒரு நாள் சீட்டில் நிலாவரைக் கிணறு வந்தது. புத்தூருக்கு அருகில் உள்ள அந்தக் கிணற்றைப் பார்க்காத பிள்ளை வகுப்பில் இல்லை. இராமன் அம்பு எய்து உண்டாக்கினான் என்ற ஐதிகத்தையும் அறிவர். அங்கிருந்து புறப்பட்டவர்கள், குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கிறது என்பதையும், மழைநீர் அக்கல்லைக் கரைத்துக் குகையாக்க, குகையின் கூரை இடிந்தமையால் இத்தகைய கிணறுகள் தோன்றுகின்றன என்பதையும், மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் நிற்பதன் காரணத்தையும் கண்டார்கள். பாடவேளை முடியுமுன் மெக்சிக்கோவின் யுக்கட்டான் குடாநாட்டுக்கே போய்விட்டனர். அங்கேயும் சுண்ணாம்புக்கல்; அங்கேயும் ஆறு இல்லை; அங்கேயும் இவ்வாறு இடிந்த கிணறுகளை நம்பியே மாயா மக்கள் ஊர் அமைத்தனர். "சேர், அவர்களும் எங்களைப்போலக் கிணற்றுச் சனம்தானே" என்று ஒரு சிறுமி கேட்டாள். எந்தப் பாடத்திட்டமும் அந்தக் கேள்விக்கு அவளை இட்டுச்சென்றிராது.

ஐந்தாவதாக நான் சொல்வது பாடசாலையின் எல்லையைக் கடந்தது. மயிலிட்டி என்னும் கரையோர ஊரை நேயர்கள் அறிவீர்கள். 1990ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வூர்த் துறைமுகம் மக்களிடம் திரும்பியது 2017ஆம் ஆண்டிலேயே. இடையில் 27 ஆண்டுகள். அவ்வூரைத் தன் ஊர் என்று சொல்லிக்கொண்டு, அதனைக் காணாமலே வளர்ந்த பிள்ளைகள் பலர். அத்தகைய குடும்பத்து மாணவி ஒருத்தி ஊரின் பெயரையே குறிச்சொல்லாக வைத்துச் சேர்க்கத் தொடங்கினாள்.

அவளுக்குப் பெருந்துணையாயிருந்தது நூலகம் என்னும் மின்னூலகம். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும், பத்திரிகைகளையும், பாடசாலை மலர்களையும், நாம் கல்வெட்டு என்று வழங்கும் நினைவு மலர்களையும் படியெடுத்து யாவரும் வாசிக்க வைக்கும் பணி அது. கல்வெட்டுகள் பெரும்பாலும் அந்தியேட்டி நாளில் வாங்கி, பின்னர் பெட்டிக்குள் மறந்துபோகும் சிறு நூல்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் வழிமுறையும், ஊரின் கோயிலும், தொழிலும் அவற்றிலன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. அம்மாணவியின் பட்டியலைச் சித்தப்பா ஒருவர் ரொறன்ரோவிற் கண்டார். அவர் சிலவற்றைச் சேர்த்தார். பாரிசிலிருந்து இன்னொருவர், பழைய துறைமுகத்தின் படம் உள்ள பக்கத்தைச் சேர்த்தார். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே கல்வெட்டைக் குறித்திருந்தனர். விசாரித்தபோது உறவினர் என்று தெரிந்தது. நிலத்திற் சிதறிய ஊர் ஒரு குறிச்சொல்லின் கீழ்க் கூடியது. பிற்பாடு அவள் முதன்முதலாக அந்தக் கடற்கரைக்குச் சென்றபோது, கோயிலும் துறையும் இருந்த இடங்களைத் தகப்பனாருக்கு அவளே காட்டினாளாம்.

இவ்வளவு நன்மையைச் சொன்ன நான், இதன் நிலையாமையையும் சொல்ல வேண்டும். டிலீசியஸ் பலமுறை கைமாறி, 2017ஆம் ஆண்டில் பின்போர்ட்டினால் வாங்கப்பட்டு, புதிய குறிகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. ஸ்டம்பிள்அப்பான் 2018ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி மூடப்பட்டது. எங்கள் முதற் பட்டியலுக்கும் அதுவே கதி. நாங்கள் நம்பியிருந்த சேவை ஒன்று நின்றுபோனபோது, மூன்று வகுப்புகள் சேர்த்தவை ஒரு விடுமுறைக் காலத்துக்குள் மறைந்தன. அறிவித்தல் வந்திருந்ததாம், நாங்கள் பார்க்கவில்லை. பாட்டியார் சொன்ன சொற்களுள் ஒரு பகுதி, மாணவன் தன் கொப்பியில் எழுதியிருந்தமையால் மட்டுமே தப்பியது. அதன்பின் அப்பாட்டியார் காலமானார். எழுதாமல் விட்ட சொற்களை இனி யாரிடம் கேட்பது?

குறிகள் மட்டும் அன்று, குறிக்கப்பட்ட பக்கங்களும் அழிகின்றன. 2013ஆம் ஆண்டில் இருந்த இணையப் பக்கங்களில் நூற்றுக்கு 38 பக்கங்கள் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்டது. அழிவைப் பற்றி நமக்குப் பிறர் போதிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அன்று போனவை நூல்கள் மட்டும் அல்ல; எந்த நூல் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று அறிந்திருந்த வாசகரின் தடங்களும் போயின. நெருப்பு ஓர் இரவிற் செய்ததை அசட்டை பத்தாண்டிற் செய்கிறது. முன்னதை எண்ணி அழுகிறோம். பின்னதைக் கவனிப்பதே இல்லை.

இதற்கு மாற்று நம் முன்னோர் அறிந்ததே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஊர் ஊராய் ஏடு தேடி, ஒடிந்து உதிரும் ஓலைகளை ஒப்புநோக்கி, கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அவர் கைக்கு ஏடு வந்தது எவ்வாறு? ஓலை நெடுங்காலம் நில்லாது என்பதை அறிந்து, தலைமுறைதோறும் யாரோ ஒருவர் இருந்து படியெடுத்து வைத்தமையால் அன்றோ? ஓலையின் வலிமையால் அன்று, படியெடுத்த கைகளின் தொடர்ச்சியால் நம் இலக்கியம் பிழைத்தது.

ஆதலின் எங்கள் பாடசாலையில் இப்பொழுது மூன்று வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறோம். முதலாவது, குறிச்சொல்லை நம் தமிழிலும், ஊர் வழக்கிலும், பிறர் தேடக்கூடிய வேறு பெயர்களிலும் இடுதல். இரண்டாவது, ஏன் சேர்த்தோம் என்ற ஒரு வரியைத் தவறாது எழுதுதல். பக்கம் அழிந்தாலும் அந்த வரி, இழந்தது என்ன என்பதையாவது சொல்லும். மூன்றாவது, தவணை முடிவில் முழுப் பட்டியலையும் வேறோரிடத்திற் படியெடுத்து வைத்து, அச்சிட்ட பிரதி ஒன்றை நூலக அலுமாரியில் இடுதல். அரிய பக்கமாயின், இணைய ஆவணகம் என்னும் நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் யாவர்க்கும் திறந்து வைத்திருக்கும் பழம்பக்கக் களஞ்சியத்தில் அதன் படியைச் சேர்த்துவிடுகிறோம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. மறவாமை ஒன்றே வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீடுகளிலும் பெட்டிக்குள் கல்வெட்டுகள் உண்டு. வாயில் ஊர்ச்சொற்கள் உண்டு. பிள்ளைகள் கையில் இருக்கும் கருவியை விளையாட்டுப் பொருள் என்று மட்டும் எண்ணாமல், இன்று மாலை அவர்களை அருகில் இருத்தி, உங்கள் ஊரைப் பற்றிய ஒரு பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். அதிலே என்ன குறைகிறது என்று நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும்.

நாம் அன்று மயிலிறகைப் புத்தகத்துள் மூடி வைத்துக் காத்திருந்தோம். அது குட்டி போடாமைக்குக் காரணம் வெளிச்சம் பட்டது அன்று. அதனை ஒருவருக்கும் கொடாமல் வைத்திருந்ததே காரணம் என்று இப்பொழுது எண்ணுகிறேன்.